பெயர் கிடைக்கவில்லையா, பக்கம் வரவில்லையா: வி.எம்.களில் நேம் சர்வரும் வெப் சர்வரும் மக்கர் செய்யும்போது

இரண்டு விர்ச்சுவல் மெஷின்களில் (வி.எம்.) நேம் சர்வர், அதாவது டொமைன் பெயருக்கு ஐ.பி. முகவரி சொல்லும் டி.என்.எஸ். சர்வர்; மூன்றாவதில் வெப் சர்வர். இந்த அமைப்பை நான் பலமுறை கட்டியிருக்கிறேன். மற்றவர்கள் கட்டியதைச் சரிசெய்து கொடுத்தது அதைவிட அதிகம். திரும்பத் திரும்ப வருவது அதே பத்துப் பன்னிரண்டு கோளாறுகள்தான். ஆனால் "சைட் வரல" என்று ஒருவர் வந்து நிற்கும்போது, அதற்குள் நாலைந்து ஃபைல்களை மாற்றிவிட்டுத்தான் வருகிறார். முதலில் இருந்த ஒரு பிழையோடு புதிதாக மூன்று சேர்ந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கத்தான் நேரம் போகிறது.

அதனால் எந்த ஃபைலையும் தொடும் முன், சர்வரிடமே நேராகக் கேட்டுப் பாருங்கள். அது சொல்லும் பதிலை வைத்துக் கீழே உள்ள அறிகுறிக்குப் போங்கள்.

உதாரணத்துக்கு இந்த அமைப்பை வைத்துக்கொள்வோம். முதன்மை நேம் சர்வர் 192.168.56.10, துணை நேம் சர்வர் 192.168.56.11, வெப் சர்வர் 192.168.56.20. டொமைன் எக்ஸாம்பிள்.டெஸ்ட். டாட் டெஸ்ட் என்ற முடிவு 1999 முதலே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்டது, யாரும் விலைக்கு வாங்க முடியாது, அதனால் பயமில்லாமல் பயன்படுத்தலாம். மூன்றிலும் லினக்ஸ், நேம் சர்வரில் பைண்ட் 9, வெப் சர்வரில் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்.

## முதலில் மூன்று கேள்விகள்

கிளையன்ட் மெஷினில் இருந்து வரிசையாக இவற்றைக் கேளுங்கள்.

1. டிக் @192.168.56.10 வெப்.எக்ஸாம்பிள்.டெஸ்ட். டிக் என்பது டி.என்.எஸ்.ஸிடம் கேள்வி கேட்கும் கட்டளை; இது நேம் சர்வரிடம் நேரடிக் கேள்வி. இங்கேயே தவறினால் அறிகுறி 1 முதல் 4 வரை பாருங்கள்.
2. அதே டிக், @ பகுதி இல்லாமல். முதல் கேள்விக்குப் பதில் வந்து இதற்கு வரவில்லை என்றால் கோளாறு கிளையன்ட் பக்கம். அறிகுறி 6.
3. கர்ல் கட்டளையில் "ரிசால்வ்" ஆப்ஷனைக் கொடுத்து, பெயருக்கான ஐ.பி.யை நீங்களே கட்டிவிட்டுப் பக்கத்தைக் கேளுங்கள். டி.என்.எஸ். குறுக்கே வராது. இது தவறினால் வெப் சர்வர்தான். அறிகுறி 8.

## அறிகுறி 1: டிக் காத்திருந்து, கடைசியில் "டைம்டு அவுட்" என்கிறது

உடனே "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று வந்தால் மெஷினை எட்டிவிட்டீர்கள், அந்த போர்ட்டில்தான் ஆள் இல்லை. நெடுநேரம் காத்திருந்து டைம்டு அவுட் ஆனால் பாக்கெட் வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது. முதல் இரண்டு சோதனைகள் ரெஃப்யூஸ்டுக்கும் பொருந்தும்.

சர்வீஸ் ஓடுகிறதா? சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் நேம்டு என்று கேளுங்கள் (நேம்டு என்பது பைண்டின் சர்வீஸ் பெயர்). ஓடவில்லை என்றால் நேம்டு-செக்கான்ஃப் தட்டுங்கள். பெரும்பாலும் ஒரு அரைப்புள்ளியோ அடைப்புக்குறியோ விட்டுப்போயிருக்கும். வரி எண்ணையும் அதுவே சொல்லிவிடும். அந்த வரியில் ஒன்றும் தெரியாவிட்டால் அதற்கு முந்தைய வரியின் முடிவைப் பாருங்கள்.

எந்த முகவரியில் கேட்கிறது? சர்வரில் எஸ்எஸ் கட்டளையை எல், என், டி, யு, பி ஆப்ஷன்களோடு ஓட்டிப் போர்ட் 53ஐத் தேடுங்கள். 127.0.0.1 மட்டும் தெரிந்தால் சர்வர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது. ரெட்ஹேட் வகை விநியோகங்களில் பைண்ட் நிறுவியதும் நிலை இதுதான்: லிசன்-ஆன் வரியில் 127.0.0.1, அலவ்-கொயரி வரியில் லோக்கல்ஹோஸ்ட். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்து அறிகுறி 2க்கு வந்து சேர்வீர்கள்.

ஃபயர்வால் திறந்திருக்கிறதா? யு.டி.பி. 53, டி.சி.பி. 53 இரண்டும் வேண்டும். யு.டி.பி. மட்டும் திறந்தால் சாதாரணக் கேள்விகளுக்குப் பதில் வரும், எல்லாம் சரி என்று தோன்றும், அப்புறம் துணை சர்வருக்கு ஸோன் (டொமைனின் பெயர்ப் பதிவுகளின் தொகுப்பு) போகாது. கிளவுடில் இருக்கும் வி.எம். என்றால் உள்ளே ஒரு ஃபயர்வால், வெளியே செக்யூரிட்டி குரூப் என்று இரண்டு கதவுகள். இரண்டையும் பாருங்கள்.

வி.எம்.கள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஒருவர் மூன்று டெர்மினல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, மூன்றிலும் ஐபி ஏ தட்டிக் காட்டினார். மூன்றிலும் 10.0.2.15. அரை நாளாக நேம் சர்வர் கான்ஃபிக்கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க்கை வெறும் நாட் என்று விட்டால் இயல்பாக ஒவ்வொரு வி.எம்.மும் தனித்தனி நாட் நெட்வொர்க்குக்குள் உட்காரும், ஒவ்வொன்றுக்கும் அதே முகவரி கிடைக்கும், ஒன்றுக்கொன்று கண்ணில் படாது. ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் ஒன்றைச் சேர்த்தால் போதும். அதன் வழக்கமான வரிசை 192.168.56 என்று தொடங்கும். இணையத்துக்கு நாட், தங்களுக்குள் பேச ஹோஸ்ட்-ஒன்லி என்று இரண்டு அடாப்டர்கள் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

குளோன் செய்த வி.எம்.களில் இன்னொரு சிக்கல் உண்டு. மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் முகவரி) மாற்றிய பிறகும் இரண்டு குளோன்களுக்கும் ஒரே ஐ.பி. கிடைக்கும். புதிய உபுண்டு சர்வர்கள் டி.எச்.சி.பி.யிடம் (தானாக ஐ.பி. வழங்கும் சர்வீஸ்) தங்களை அடையாளம் காட்டுவது ஈடிசி-க்குள் இருக்கும் மெஷின்-ஐடி ஃபைலை வைத்து. குளோனில் அதுவும் அப்படியே நகலாகிவிடுகிறது. ஃபைலை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலியாக்கி ரீபூட் செய்தால் புதிய எண் உருவாகும். எப்படியும் நேம் சர்வருக்கு நிலையான ஐ.பி.தான் கொடுக்க வேண்டும். டி.எச்.சி.பி.யில் ஓடும் நேம் சர்வர் ஒருநாள் முகவரி மாறி எல்லோரையும் தவிக்கவிடும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* பிரிட்ஜ்டு முறையில் அலுவலக நெட்வொர்க்கில் வைத்திருக்கிறீர்கள், ஹோஸ்ட் மெஷினுக்கு நெட் வருகிறது, வி.எம்.முக்கு மட்டும் எதுவுமே வரவில்லை என்றால், சுவிட்ச் அந்த போர்ட்டில் இன்னொரு மேக் முகவரியை அனுமதிக்காமல் இருக்கலாம். அது நெட்வொர்க் நிர்வாகி மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு.

## அறிகுறி 2: உடனே பதில் வருகிறது, ஆனால் ஸ்டேட்டஸ் "ரெஃப்யூஸ்டு"

இது நல்ல செய்தி. நெட்வொர்க் சரி, சர்வர் உயிரோடு இருக்கிறது, உங்களுக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அலவ்-கொயரியில் உங்கள் சப்நெட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஸோன் பெயரை கான்ஃபிக்கில் எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். தன்னிடம் இல்லாத ஸோனைக் கேட்டால் சர்வர் இப்படித்தான் கைவிரிக்கும். கேட்டது வெளி டொமைன், ரிகர்ஷனும் (தன்னிடம் இல்லாததை மற்ற சர்வர்களிடம் கேட்டுச் சொல்வது) அணைத்திருக்கிறது என்றால் கோளாறே இல்லை, சர்வர் சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிகர்ஷனை "எனி" என்று எல்லோருக்கும் திறந்துவிட்டால் பிழை உடனே மறையும். தனி லேபில் அதனால் கெடுதல் இல்லை. பொது ஐ.பி. உள்ள வி.எம்.மில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படித் திறந்த சர்வரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியாக வேறொருவர் மீது பெரிய பெரிய பதில்களைக் கொட்டித் தாக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் சப்நெட்டுக்கு மட்டும் திறந்தால் போதும்.

## அறிகுறி 3: ஸ்டேட்டஸ் "சர்வ்ஃபெயில்"

ஸோன் கான்ஃபிக்கில் இருக்கிறது, ஆனால் சர்வரால் அதை ஏற்ற முடியவில்லை.

நேம்டு-செக்ஸோன் கட்டளைக்கு டொமைன் பெயரையும் ஸோன் ஃபைலையும் கொடுங்கள். பத்தில் எட்டு முறை அங்கேயே விடை கிடைத்துவிடும். "சிநேம் அண்ட் அதர் டேட்டா" என்று வந்தால், ஒரே பெயருக்கு சிநேமும் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் ரெக்கார்டு) வேறு ரெக்கார்டும் சேர்ந்து இருக்கின்றன. டொமைனின் உச்சியிலேயே சிநேம் வைக்க முயன்றவர்களுக்கு இது கட்டாயம் வரும், ஏனென்றால் அங்கே எஸ்.ஓ.ஏ.வும் (ஸோனின் தலைப்பு ரெக்கார்டு) என்.எஸ்.ஸும் (நேம் சர்வர்களைச் சொல்லும் ரெக்கார்டு) இருந்தே ஆக வேண்டும். அங்கே ஏ ரெக்கார்டு (பெயருக்கு நேரே ஐ.பி. சொல்வது) போடுங்கள்.

ஸோன் சரி என்று அது சொல்லியும் சர்வ்ஃபெயில் வந்தால், ஜர்னல்சிடிஎல் வழியாக நேம்டுவின் லாகைப் பாருங்கள். "பெர்மிஷன் டினைடு" என்றிருந்தால் ஃபைலின் உரிமையாளரைச் சரிசெய்யுங்கள். ரூட்டாக உருவாக்கி, மற்றவர்கள் படிக்க முடியாதபடி விட்டிருப்பீர்கள்.

துணை சர்வர் மட்டும் சர்வ்ஃபெயில் சொன்னால், முதன்மை எவ்வளவு நாளாக அணைந்திருக்கிறது என்று யோசியுங்கள். எஸ்.ஓ.ஏ.வில் உள்ள எக்ஸ்பயர் காலம் தாண்டியதும் துணை பதில் சொல்வதை நிறுத்திவிடும். லேபை ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு, துணையை மட்டும் எழுப்பினால் இது நடக்கும்.

உங்கள் ஸோனுக்குச் சரியான பதில், வெளி டொமைன்களுக்கு மட்டும் சர்வ்ஃபெயில் என்றால் டேட் என்று தட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டில் இருந்து எழுப்பிய வி.எம். பழைய தேதியிலேயே இருக்கலாம். அந்தத் தேதியில் டி.என்.எஸ்.செக் (டி.என்.எஸ். பதில்களைக் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் முறை) கையெழுத்துகள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கியிருக்காது, அதனால் நிராகரிக்கப்படும். குரோனியை ஓடவிட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* உண்மையான டொமைனில் டி.என்.எஸ்.செக் போட்டு, சாவி மாற்றிய பிறகு உலகம் முழுக்க சர்வ்ஃபெயில் வந்தால், தனியாகப் போராட வேண்டாம். மேல் மட்டத்தில் (டாட் காம் போன்ற முடிவின் சர்வர்களில்) உள்ள டி.எஸ். ரெக்கார்டு உங்கள் சாவியோடு பொருந்தவில்லை. ரெஜிஸ்ட்ராரையும், இதைச் செய்து பழகியவரையும் உடனே பிடியுங்கள். அவசரத்தில் சாவியை மறுபடி மாற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

## அறிகுறி 4: எழுதி வைத்த பெயருக்கே "என்எக்ஸ்டொமைன்"

கடைசிப் புள்ளி. ஸோன் ஃபைலில் முழுப் பெயரின் முடிவில் புள்ளி இல்லாவிட்டால், பைண்ட் அதன் பின்னால் ஸோன் பெயரை ஒட்டிவிடும். நீங்கள் எழுதியது

வெப்.எக்ஸாம்பிள்.டெஸ்ட்

சர்வர் படித்தது

வெப்.எக்ஸாம்பிள்.டெஸ்ட்.எக்ஸாம்பிள்.டெஸ்ட்.

கண்ணால் எத்தனை முறை பார்த்தாலும் எழுதியது சரியாகவே தோன்றும். என்.எஸ். வரியில் புள்ளி விட்டால் செக்ஸோன் பிடித்துவிடும், முகவரி இல்லை என்று சொல்லும். சிநேம் வரியிலும், தலைகீழ் ஸோனின் (ஐ.பி.யில் இருந்து பெயர் சொல்வது) பி.டி.ஆர். வரியிலும் விட்டால் "ஓகே" என்றே சொல்லும். அதனால் செக்ஸோனைப் பெரிய எழுத்து டி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். சர்வர் புரிந்துகொண்டபடி எல்லாப் பெயர்களையும் முழுதாக எழுதிக் காட்டும், இரட்டைப் பெயர் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு ஸோன் மாற்றத்துக்குப் பிறகும் நான் இதைச் செய்கிறேன்.

ரீலோட் செய்தீர்களா? ஆர்என்டிசி ரீலோட். ஃபைலைச் சேமித்தால் மட்டும் போதாது.

திருத்தியது சரியான ஃபைலா? கான்ஃபிக்கில் ஸோனுக்கு எந்தப் பாதை கொடுத்திருக்கிறது என்று திறந்து பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு இடங்களில் ஃபைல் இருக்கும், நீங்கள் திருத்துவது ஓடாத பிரதியாக இருக்கும்.

இல்லை என்பதும் நினைவில் நிற்கும். @ போட்டு முதன்மையிடம் கேட்டால் சரி, வழக்கமான ரிசால்வரிடம் (கிளையன்ட்டுக்காகத் தேடிப் பதில் தரும் சர்வர்) கேட்டால் என்எக்ஸ்டொமைன் என்றால், ரெக்கார்டு சேர்ப்பதற்கு முன்பே யாரோ அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். "இல்லை" என்ற பதிலை ரிசால்வர் வைத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை எஸ்.ஓ.ஏ.வின் கடைசி எண் தீர்மானிக்கிறது. அங்கே 86400 இருந்தால் ஒரு நாள். லேபில் 300 வையுங்கள். இப்போதைக்கு ரிசால்வரின் கேஷைக் காலி செய்யுங்கள்.

## அறிகுறி 5: முதன்மையில் புதிய பதில், துணையில் பழைய பதில்

இரண்டு சர்வரிடமும் டிக் எஸ்.ஓ.ஏ. கேட்டு சீரியல் எண்ணை (ஸோனின் பதிப்பு எண்) ஒப்பிடுங்கள்.

இரண்டிலும் ஒரே எண் என்றால், ஸோனை மாற்றிவிட்டு சீரியலை ஏற்ற மறந்துவிட்டீர்கள். ஏற்றி, ரீலோட் செய்யுங்கள். முடிந்தது.

துணையில் எண் பெரியது. சீரியலை வருடம், மாதம், நாள், இரண்டு இலக்கம் என்று பத்து இலக்கத்தில் எழுதுவது வழக்கம். 2025031501 என்று தட்ட வேண்டிய இடத்தில் 2052031501 என்று தட்டி ரீலோட் செய்துவிட்டால், துணை அதை எடுத்துக்கொள்ளும். பிறகு முதன்மையில் மட்டும் சரிசெய்தால், "என்னிடம் இருப்பது புதியது" என்று துணை அசையாது. துணையும் உங்கள் கையில் இருந்தால் அங்கே ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர் கொடுங்கள், சீரியலைப் பார்க்காமல் புதிதாக இழுத்துக்கொள்ளும்.

துணை வேறொருவரிடம் இருந்தால் சுற்றுவழி ஒன்று உண்டு. சீரியல் 32 பிட் எண், கடிகார முள் மாதிரி சுற்றி வரும். தவறான எண்ணோடு 2147483647ஐக் கூட்டி 4199515148 என்று வைத்து ரீலோட் செய்யுங்கள். எல்லாத் துணைகளும் அதை எடுத்த பிறகு 2025031502 என்று வையுங்கள். இப்போது அது "அடுத்தது" என்றே கணக்காகும். ஒரு துணைகூட இடைப்பட்ட எண்ணைத் தவறவிடக் கூடாது, அவசரப்படாதீர்கள்.

துணையில் எண் சிறியது. ஸோன் போகவில்லை. துணை மெஷினில் இருந்தே டிக் ஏஎக்ஸ்எஃப்ஆர் (ஸோன் முழுவதையும் கேட்பது) கேளுங்கள். டைம்டு அவுட் என்றால் டி.சி.பி. 53. "ட்ரான்ஸ்ஃபர் ஃபெயில்டு" என்றால் முதன்மையின் அலவ்-ட்ரான்ஸ்ஃபர் வரியில் துணையின் முகவரி இல்லை. இரண்டு அடாப்டர் வைத்திருந்தால், துணை எந்த ஐ.பி.யில் இருந்து கேட்கிறது என்பதையும் முதன்மையின் லாகில் பாருங்கள். டிசிக் சாவி (சர்வர்கள் ஒன்றையொன்று உறுதிசெய்யும் ரகசியச் சாவி) போட்டிருந்தால் இரண்டின் கடிகாரமும் 300 நொடிக்குள் ஒத்திருக்க வேண்டும்.

ஏஎக்ஸ்எஃப்ஆர் முழுதாக வருகிறது, ஆனால் தானாகப் புதுப்பிக்கவில்லை என்றால், துணையின் பெயர் ஸோனின் என்.எஸ். பட்டியலில் இல்லை. முதன்மை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நோட்டிஃபை அனுப்புகிறது. பட்டியலில் சேருங்கள், அல்லது ஆல்சோ-நோட்டிஃபை எழுதுங்கள்.

லாகில் எழுத முடியவில்லை என்ற புகார் இருந்தால், உபுண்டுவில் துணையின் ஸோன் ஃபைலை ஈடிசி-க்குள் வைக்காமல் வார், கேஷ், பைண்ட் என்ற பாதையில் வையுங்கள். ஈடிசி பக்கம் எழுத ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு விடாது. ரெட்ஹேட் வகையில் வார், நேம்டு, ஸ்லேவ்ஸ்.

இன்னொன்று: துணையில் உள்ள ஃபைலைத் திறந்தால் புரியாத எழுத்துகளாக இருக்கும். பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை. பைண்ட் 9.9 முதல் துணை தன் பிரதியைப் பைனரியாகவே வைக்கிறது. படிக்க நேம்டு-கம்பைல்ஸோன் இருக்கிறது.

## அறிகுறி 6: நேரடி டிக்கில் வருகிறது, பிங்கிலோ பிரவுசரிலோ வரவில்லை

டிக் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்ப்பதில்லை, பிங்கும் பிரவுசரும் பார்க்கும். கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் தட்டி, அது தரும் ஐ.பி.யை ஒப்பிடுங்கள். எப்போதோ சோதனைக்குச் சேர்த்த ஒரு வரி ஈடிசி ஹோஸ்ட்ஸில் இருக்கும். அதை நீக்கினால் போதும்.

ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் 127.0.0.53 தெரிந்தால் நடுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு இருக்கிறது. ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்த்து, உண்மையில் எந்தச் சர்வரைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 192.168.56.10க்குப் பக்கத்தில் "பாதுகாப்புக்கு" என்று 8.8.8.8ம் எழுதியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பட்டியலில் உள்ள எல்லாச் சர்வரும் ஒரே பதிலைச் சொல்லும் என்று நம்பித்தான் கிளையன்ட் நடக்கிறது. உங்கள் டொமைனைப் பற்றி எதுவும் தெரியாத 8.8.8.8 "இல்லை" என்று சொன்னால் அதோடு தேடல் முடிந்தது. ஒருநேரம் வரும், ஒருநேரம் வராது என்ற புகாருக்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

டொமைனை டாட் லோக்கல் என்று முடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த முடிவு எம்.டி.என்.எஸ்.ஸுக்கு (நேம் சர்வர் இல்லாமல் அக்கம்பக்க மெஷின்களிடமே பெயர் கேட்கும் முறை) ஒதுக்கப்பட்டது, பல கிளையன்ட்கள் உங்கள் நேம் சர்வரைக் கேட்கவே கேட்காது. டாட் டெவ் வைத்தால் வேறு தொல்லை: பிரவுசர்கள் அதற்கு எச்.டி.டி.பி.எஸ். மட்டுமே பேசும், போர்ட் 80ல் எத்தனை முறை கேட்டாலும் பக்கம் வராது.

பிங் சரி, பிரவுசர் மட்டும் தவறு என்றால் பிரவுசர் அமைப்பில் பாதுகாப்பான டி.என்.எஸ். என்பதை அணைத்துப் பாருங்கள். அது உங்கள் சர்வரைத் தாண்டி வெளியே போய்க் கேட்டுக்கொண்டிருக்கும்.

## அறிகுறி 7: உள்ளே சரி, வெளியில் இருந்து மட்டும் பெயர் கிடைக்கவில்லை

இது சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு. டிக்கை ட்ரேஸ் ஆப்ஷனோடு ஓட்டி, எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். மேல் மட்டமே உங்கள் சர்வர்களைக் காட்டவில்லை என்றால் ரெஜிஸ்ட்ராரிடம் நேம் சர்வர் பெயர் கொடுக்கவில்லை. நேம் சர்வரின் பெயர் அதே டொமைனுக்குள் இருந்தால் ஐ.பி.யையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதற்குப் பெயர் க்ளூ ரெக்கார்டு. ட்ரேஸ் கடைசி வரை வந்து 192.168 என்று தொடங்கும் முகவரி கிடைத்தால், ஸோனில் உள் ஐ.பி.யை எழுதியிருக்கிறீர்கள். க்ளூ சரியாகக் கொடுத்தும் மேல் மட்டத்தில் தோன்றவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரார்தான் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 8: பெயர் சரியான ஐ.பி.யைத் தருகிறது, பக்கம்தான் வரவில்லை

கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. சர்வீஸ் ஓடவில்லை. என்ஜின்எக்ஸ் என்றால் என்ஜின்எக்ஸ் -டி, அப்பாச்சி என்றால் அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட். கான்ஃபிக் சரி, "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்றால் இரண்டையும் நிறுவி, மற்றது போர்ட் 80ஐப் பிடித்திருக்கும். வேண்டாததை நிறுத்தி, டிசேபிளும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் திரும்ப வரும்.

வேறு பக்கம் வருகிறது. பெயர் எந்த வர்ச்சுவல் ஹோஸ்ட்டோடும் (ஒரே சர்வரில் பெயர்வாரியாக வைத்த சைட்) பொருந்தாதபோது, அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் தங்கள் இயல்பான சைட்டைக் காட்டும், வேறொன்றைக் குறிப்பிடாவிட்டால் அது முதலில் ஏறியது. சர்வர்நேம் எழுத்துப்பிழையைப் பாருங்கள். டெபியன், உபுண்டுவில் ஏ2என்சைட் செய்தீர்களா என்றும் பாருங்கள்.

403 (அனுமதி இல்லை). ஃபைல் பெர்மிஷன் சரியாக இருந்தும் 403 வந்தால், மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நுழையும் அனுமதி வேண்டும். நேம்ஐ கட்டளையை எல் ஆப்ஷனோடு, முழுப் பாதை கொடுத்து ஓட்டினால் படிப்படியாகக் காட்டும். அதுவும் சரி என்றால், ரெட்ஹேட் வகையில் காரணம் செலினக்ஸ், ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டிக் காவல் காக்கும் பாதுகாப்பு அமைப்பு. ஹோம் ஃபோல்டரில் பக்கத்தைத் தயார் செய்து எம்வி கொடுத்து நகர்த்தினால், பழைய லேபிள் ஒட்டிக்கொண்டே வரும். சிபி செய்திருந்தால் புதிய இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். எல்எஸ் கட்டளையைப் பெரிய எழுத்து ஸெட் ஆப்ஷனோடு பார்த்தால் லேபிளில் யூசர்ஹோம் என்ற சொல் கண்ணில் படும். ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள், பக்கம் வந்துவிடும். செலினக்ஸை நிரந்தரமாக அணைக்காதீர்கள். அணைத்தால் இந்தப் பிழையோடு சேர்த்து, உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மற்ற எல்லாமும் போகும்.

502 (பின்னால் இருந்து சரியான பதில் வரவில்லை). வெப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் ஆப் ஓடுகிறதா பாருங்கள். ஓடுகிறது, அதே மெஷினில் கர்ல் செய்தால் பதிலும் வருகிறது, ஆனால் என்ஜின்எக்ஸ் லாகில் பெர்மிஷன் டினைடு என்றால், எச்டிடிபிடி-கேன்-நெட்வொர்க்-கனெக்ட் என்ற செலினக்ஸ் பூலியனை ஆன் செய்யுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* லாகில் நீங்கள் வைக்காத ஃபைல்களின் பெயர்கள் தெரிந்தாலோ, தெரியாத ஒரு புராசஸ் போர்ட் 80ஐப் பிடித்திருந்தாலோ, எதையும் சரிசெய்ய முயலாதீர்கள். வி.எம்.மை நெட்வொர்க்கில் இருந்து பிரித்து, ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பாதுகாப்பு தெரிந்தவரை அழையுங்கள். அவர் வரும்போது மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த பதில்கள், எஸ்எஸ் காட்டியது, கடைசி ஒரு மணி நேர ஜர்னல், நீங்கள் மாற்றிய ஃபைல்களின் பட்டியல் இந்த நான்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தயாராக இருக்கட்டும்.